கிரேட் பேரிங்டன் ஊர்க்கூட்டத்துக்கு ஒரு திறந்த மடல்

ஊர் நிர்வாகத்தைக் கவனிக்கும் குழுவான கிரேட் பேரிங்டன் செலக்ட் போர்டின் உறுப்பினர்களுக்கும், ஒவ்வொரு மே மாதமும் ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்து கை தூக்கும் ஊர்க்காரர்களுக்கும், வணக்கம்.

நான் உங்கள் ஊர்க்காரன் இல்லை. அதே மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் வேறொரு ஊரில் வரி கட்டும் தமிழன். உங்கள் கூட்டத்தில் எழுந்து பேச எனக்கு உரிமை கிடையாது, மடல்தான் எழுத முடியும். ஆங்கிலப் பிரதி தனியாக வந்து சேரும். முதலில் தமிழில் எழுதக் காரணம், உங்கள் ஊரில் பிறந்து அமெரிக்கக் கறுப்பர்களின் உரிமைக்காகப் போராடிய அறிஞர் டு பாய்ஸ் என்ற பெயரை அம்பேத்கர் வழியாகக் கேள்விப்பட்டவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களும் ஒட்டுக் கேட்கட்டும். இன்னொரு வசதியும் உண்டு. தன் பெயரைப் பிரெஞ்சுக்காரர்கள் மாதிரி 'டுபுவா' என்று சொன்னால் அந்த மனிதருக்குப் பிடிக்காது, 'டு பாய்ஸ்' என்று திருத்துவார். தமிழில் எழுதிவிட்டால் தப்பாகச் சொல்ல வழியே இல்லை.

கேட்க வந்தது ஒன்றே ஒன்று. 1930 ஜூலையில் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் உங்கள் ஊருக்கு வந்து, உயர்நிலைப் பள்ளியின் பழைய மாணவர்கள் முன்னால், உங்கள் ஊர் வழியாக ஓடும் ஹூசடானிக் ஆற்றைப் பற்றிப் பேசினார். அந்தப் பேச்சை ஆண்டுக்கு ஒரு தடவை, உங்கள் ஊர்க்கூட்டத்தில், வாக்கெடுப்பு தொடங்கும் முன் யாராவது எழுந்து வாசிக்க வேண்டும். அவ்வளவுதான். ஏன் என்பதைச் சொல்லத்தான் மிச்ச மடல்.

ஏழாயிரம் பேர்தான் இருக்கும் ஊர் உங்களுடையது. அதற்கு உங்கள் பிரபலங்களின் பட்டியல் ரொம்பவே நீளம். கவிஞர் வில்லியம் கல்லன் பிரையன்ட் இங்கே வக்கீலாக இருந்தார், ஊர்க் கணக்கரும் அவர்தான். வக்கீல் தொழில் அவருக்கு வேப்பங்காய். 1825-இல் மூட்டை கட்டிக்கொண்டு நியூயார்க் போய்ப் பத்திரிகைக்காரர் ஆகிவிட்டார். பக்கத்து ஆற்றைப் பற்றி அவர் எழுதிய கவிதை இன்னும் இருக்கிறது, வக்கீல் நோட்டீஸ்களை யார் தேடப் போகிறார்கள்.

அப்புறம் லாரா செகார்ட். இவர் கதையை உங்களில் எத்தனை பேர் பிள்ளைகளுக்குச் சொல்கிறீர்களோ தெரியாது, எனக்கு ஒவ்வொரு தடவையும் சிரிப்பு வரும். 1775-இல் லாரா இங்கர்சால் என்ற பெயரில் உங்கள் ஊரில் பிறந்தவர். குடும்பம் கனடா பக்கம் குடிபெயர்ந்தது. 1813-இல், அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் போர் நடந்துகொண்டிருந்தபோது, அமெரிக்கப் படை தாக்கப் போகிறது என்ற சேதி காதில் விழ, காட்டிலும் சேற்றிலும் முப்பது கிலோமீட்டர் நடந்து போய் பிரிட்டிஷ் அதிகாரியிடம் சொல்லிவிட்டார். கனடாவில் அவர் தேசிய வீராங்கனை, அவர் பெயரில் சாக்லேட் கடைகள்கூட இருக்கின்றன. அமெரிக்காவின் கணக்கில் பார்த்தால் எதிரிக்குத் துப்புக் கொடுத்தவர். ஆனாலும் அவரை உங்கள் ஊர்ப்பெண் என்று சொல்லிக்கொள்வதில் யாருக்கும் எந்தச் சங்கடமும் இருந்ததாகத் தெரியவில்லை. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

உங்கள் ஊர் நீதிமன்றத்தில் 1781 ஆகஸ்டில் நடந்த ஒரு வழக்கையும் விட முடியாது. பக்கத்து ஷெஃபீல்டில் ஆஷ்லி என்ற பெரிய மனிதர் வீட்டில் அடிமையாக இருந்த பெட் என்ற பெண், ப்ராம் என்ற ஆளோடு சேர்ந்து தொடுத்த வழக்கு அது. எல்லா மனிதரும் பிறப்பால் விடுதலையும் சமமும் உடையவர்கள் என்று மாநிலத்தின் புது அரசியல் சட்டம் சொல்கிறதே, அப்படியானால் நான் எப்படி ஒருவருக்குச் சொத்தாக முடியும் என்று கேட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஜூரி அவர் பக்கம் நின்றது. விடுதலை கிடைத்தது, முப்பது ஷில்லிங் நஷ்ட ஈடும் கிடைத்தது. பிறகு எலிசபெத் ஃப்ரீமேன் என்று பெயர் வைத்துக்கொண்டார். எஜமானியம்மா காயவைத்த அடுப்புக் கரண்டியை ஓங்கியபோது குறுக்கே கை நீட்டி வாங்கிய தழும்பை அவர் கடைசிவரை மூடி மறைக்கவில்லை என்று அந்தக் காலத்தவர் எழுதி வைத்திருக்கிறார்கள். தங்கள் வம்சத்தோடு மண உறவு கொண்டவர் அவர் என்று டு பாய்ஸின் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. வரலாற்றுக்காரர்கள் அதை அவ்வளவாக ஒப்புக்கொள்வதில்லை. வீட்டுக் கதைகள் எங்கேயும் அப்படித்தான்.

சரி, டு பாய்ஸ். 1868 பிப்ரவரி 23-இல் சர்ச் தெருவில், ஆற்றுக்குப் பக்கத்தில் பிறந்தார். தாய்வழியான பர்கார்ட் குடும்பம் அதற்கும் நூறு வருஷத்துக்கு முன்பிருந்தே அந்தப் பள்ளத்தாக்கில் இருந்தது. அந்தக் கணக்கில் உங்கள் ஊரின் பல பெரிய வீட்டுக்காரர்களைவிட அவர் பழைய குடி. அப்பா விட்டுப் போய்விட்டார், அம்மா மேரி வீட்டு வேலை செய்து வளர்த்தார். பையன் பதினைந்து வயதிலேயே நியூயார்க் பத்திரிகை ஒன்றுக்கு உங்கள் ஊர்ச் செய்திகளை எழுதி அனுப்பினான். யார் வீட்டுக்கு யார் வந்தார், எந்தச் சபையில் என்ன விருந்து என்ற மாதிரிச் செய்திகள். மெயின் தெருவில் ஒரு கோடீஸ்வர விதவை கோட்டை மாதிரி மாளிகை கட்டத் தொடங்கியபோது அங்கே வேலையாட்களின் நேரக் குறிப்பு எழுதும் வேலையும் பார்த்தான். அந்த மாளிகை இன்னும் உங்கள் தெருவில் நிற்கிறது.

பள்ளிக்கூடத்தில் ஒரு நாள். பிள்ளைகள் பத்து சென்ட்டுக்கு ஒரு கட்டு என்று அழகான விசிட்டிங் கார்டு வாங்கி ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வது அப்போது விளையாட்டு. எல்லாம் சந்தோஷமாகப் போனது. புதிதாக வந்த உயரமான ஒரு பெண் மட்டும் இவன் கார்டை வாங்க மறுத்தாள். ஒன்றும் சொல்லவில்லை, ஒரு பார்வை மட்டும் பார்த்தாள். தனக்கும் மற்றவர்களுக்கும் நடுவே ஒரு திரை தொங்குகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது என்று பிற்காலத்தில் எழுதினார். அந்தத் திரையைப் பற்றி அவர் எழுதியதை உலகமே படித்தது. அது விழுந்த இடம் உங்கள் ஊர் வகுப்பறை.

ஆனால் உங்களைப் பற்றி அவர் நல்லதும் எழுதியிருக்கிறார், அதையும் சொல்ல வேண்டும். சிறுவனாக ஊர்க்கூட்டத்தை வேடிக்கை பார்க்கப் போவாராம். மலைப்பக்கத்திலிருந்து கந்தல் உடையில் ஒரு கிழவர் வருஷா வருஷம் இறங்கி வந்து, உயர்நிலைப் பள்ளிக்கு எதற்கு இவ்வளவு காசு என்று கன்னாபின்னாவென்று திட்டுவார். பையனுக்குக் கோபம் கோபமாக வரும், ஏனென்றால் அது அவன் படிக்கும் பள்ளி. ஊர்ப் பெரிய மனிதர்களோ வாய் திறக்காமல் கிழவர் பேசி முடிக்கும்வரை கேட்பார்கள். பேசி முடித்ததும் பள்ளிக்குப் பணம் ஒதுக்கக் கை தூக்குவார்கள். அடுத்தவன் சொல்வதைக் கேட்டுவிட்டு, பிறகு உன் வாக்கை நேர்மையாகப் போடு, ஜனநாயகம் என்பது இதுதான் என்று அங்கேதான் புரிந்துகொண்டாராம். ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கிய முதல் கறுப்பர் அவர், 1895-இல். பெர்லினிலும் படித்தார். இந்தப் பாடத்தை மட்டும் உங்களிடம் படித்ததாகச் சொல்லியிருக்கிறார்.

1885-இல் அம்மா இறந்தார். தேவாலயச் சபைகள் பணம் திரட்டி அவரை டென்னசியில் இருந்த ஃபிஸ்க் கல்லூரிக்கு அனுப்பின. அவருக்கு ஹார்வர்டு போகத்தான் ஆசை. உதவி செய்தீர்கள், எங்கே போக வேண்டும் என்பதையும் நீங்களே முடிவு செய்தீர்கள். இரண்டும் உண்மை.

அவர் ஊரைவிட்டுப் போன சில மாதங்களில் உங்கள் ஊரில் விளக்கு எரிந்தது. 1886 மார்ச் 20. புரூக்ளினில் பிறந்து, உடம்பு சரியில்லாமல் உங்கள் மலைக்காற்றுக்காக வந்து தங்கிய வில்லியம் ஸ்டான்லி, ஆற்றோரத்தில் பாழடைந்து கிடந்த பழைய ரப்பர் ஆலையில் ஒரு ஜெனரேட்டரை வைத்தார். மெயின் தெருவின் எல்ம் மரங்களில் கம்பியைக் கட்டி இழுத்தார். 500 வோல்ட்டில் மாறுமின்னோட்டத்தை அனுப்பி, கடைகளில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து 100 வோல்ட்டாகக் குறைத்து விளக்கேற்றினார். இன்றைக்கு என் மேஜை விளக்கு எரிவதும் அதே முறையில்தான். ஒரு சின்ன ஊரின் கடைத்தெருவில் இது நடந்தது என்பதை நினைத்தால், டு பாய்ஸ் இல்லாவிட்டால்கூட உங்களுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும்.

இப்போது ஆற்றுக்கு வருகிறேன். பட்டியலில் டு பாய்ஸ், ஸ்டான்லி என்ற இந்த இரண்டு பெயரும் அடுத்தடுத்த வரியில் வரும், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மாதிரி. சம்பந்தம் தண்ணீரில் இருக்கிறது.

தான் ஒரு பொன்னான ஆற்றங்கரையில் பிறந்ததாக டு பாய்ஸ் ஒரு தடவை எழுதினார். அந்தப் பொன்னை அவரே உடைக்கவும் செய்தார். காகித ஆலைகளும் கம்பளி ஆலைகளும் கொட்டிய கழிவால்தான் தண்ணீர் பொன்னிறமாக இருந்தது என்றார். 1930-இல் பேச வந்தபோது, இந்தப் பள்ளத்தாக்கின் ஊர்கள் எல்லாம் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன, அதைச் சாக்கடையாகவும் குப்பைத் தொட்டியாகவும் ஆக்கிவிட்டன, ஊரின் நடுத்தெருவாக இருக்க வேண்டியது ஆறு என்றார். அதை மீட்டுச் சுத்தம் செய்யுங்கள் என்று கேட்டார். உங்கள் மெயின் தெருக் கடைகளின் பின்பக்கம் போய் நின்றால் அவர் சொன்னது இன்றைக்கும் புரியும். முன்பக்கம் கண்ணாடி ஜன்னல், பின்பக்கம் கொல்லை, கொல்லைக்கு அந்தப் பக்கம் ஆறு.

நிறப்பாகுபாட்டை எதிர்த்து ஒரு நாட்டையே உலுக்கிக்கொண்டிருந்தவர், அறுபத்திரண்டு வயதில் சொந்த ஊருக்கு வந்து, எனக்கு இழைத்த அநியாயத்தைக் கணக்குத் தீருங்கள் என்று கேட்கவில்லை. ஆற்றைக் கழுவுங்கள் என்று கேட்டார். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும்.

ஸ்டான்லி 1890-இல் மேலேயுள்ள பிட்ஸ்ஃபீல்டில் டிரான்ஸ்ஃபார்மர் செய்யும் கம்பெனி ஒன்றைத் தொடங்கினார். 1903 வாக்கில் அது ஜெனரல் எலக்ட்ரிக் கைக்குப் போயிற்று. 1932 முதல் 1977 வரை அந்தத் தொழிற்சாலையில் பிசிபி என்ற ரசாயன எண்ணெயை டிரான்ஸ்ஃபார்மர்களில் ஊற்றினார்கள். அது ஹூசடானிக்கில் கலந்து, வண்டலில் படிந்து, ஆற்றோடு தெற்கே இறங்கி உங்கள் ஊரையும் தாண்டிப் போயிற்று. டு பாய்ஸ் பேசி இரண்டே வருஷத்தில் இது தொடங்கியது என்பதைக் கவனியுங்கள். ஆற்றைச் சுத்தம் செய்யச் சொன்னவரும் உங்கள் ஊர், ஆற்றைக் கெடுத்த தொழிற்சாலைக்கு விதை போட்டவரும் உங்கள் ஊர். ஸ்டான்லியைக் குற்றம் சொல்லவில்லை, அவர் 1916-லேயே இறந்துவிட்டார். இன்றைக்கும் அந்த ஆற்றில் மீன் பிடிக்கலாம், தின்னக் கூடாது. 2020-இல் மத்திய சுற்றுச்சூழல் துறையோடும் கம்பெனியோடும் கையெழுத்தான ஒப்பந்தத்தில் உங்கள் ஊரும் ஒரு தரப்பு. தோண்டி எடுக்கும் மண்ணில் ஒரு பகுதியை லீ ஊரில் கொட்டிப் புதைப்பது பற்றி எவ்வளவு சண்டை நடந்தது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நியாயமாகப் பார்த்தால், நீங்கள் சும்மாவும் இருக்கவில்லை. 1988-இல் ஊர்க்காரர்கள் சிலர் கையுறை மாட்டிக்கொண்டு இறங்கிக் கரையிலிருந்த குப்பையை அள்ளத் தொடங்கினார்கள். இப்போது அங்கே நடைபாதை இருக்கிறது. அதில் ஸ்டான்லி பெயரில் ஒரு முனை, டு பாய்ஸ் பெயரில் ஒரு தோட்டம். நான் அதில் நடந்திருக்கிறேன். (குப்பை கொட்டியதற்காகப் பிடிபட்டு, அதைப் பாட்டாகவே பாடிப் புகழ்பெற்ற பாடகர் ஆர்லோ கத்ரியும் உங்கள் பட்டியலில் இருக்கிறார். உங்கள் ஊருக்கும் குப்பைக்கும் என்னதான் உறவோ.)

இனி கசப்பான பகுதி. 1928-இல் டு பாய்ஸின் அறுபதாம் பிறந்த நாளுக்கு நண்பர்கள் சேர்ந்து அவருடைய தாத்தாவின் பழைய வீட்டை வாங்கிக் கொடுத்தார்கள். பழுது பார்த்துக் குடிவர ஆசைப்பட்டார். பணம் கூடிவரவில்லை, 1954-இல் விற்றுவிட்டார். வீடு இப்போது இல்லை. மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 1980-களில் வந்து, வீட்டின் பின்னால் அந்தக் குடும்பம் கொட்டிய குப்பையைத் தோண்டி, உடைந்த பீங்கானையும் புட்டியையும் எடுத்து ஆராய்ந்தார்கள். 1951-இல் அவரை வெளிநாட்டு ஏஜென்ட் என்று அரசு கோர்ட்டுக்கு இழுத்தது. வழக்கு நிற்கவில்லை, ஆனாலும் பாஸ்போர்ட்டை 1958 வரை தரவில்லை. 1961-இல், தொண்ணூற்று மூன்று வயதில், கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்துவிட்டு கானாவுக்குப் போனார். 1963 ஆகஸ்ட் 27-இல் அக்ராவில் இறந்தார். மறுநாள் கறுப்பர் உரிமை கேட்டு நடந்த வாஷிங்டன் பேரணியில் கூடிய லட்சக்கணக்கானோருக்கு முன் அந்தச் சேதி சொல்லப்பட்டது.

அந்த வீட்டு மனையை இரண்டு பேர் வாங்கி 1969 அக்டோபரில் நினைவிடமாக அர்ப்பணித்தபோது, கறுப்பர் உரிமை இயக்கத் தலைவர் ஜூலியன் பாண்ட் வந்து பேசினார், நடிகர் ஆசி டேவிஸ் வந்தார். ஊரில் பலர் கடுமையாக எதிர்த்தார்கள். கம்யூனிஸ்ட், நாட்டை விட்டுப் போனவன், அவனுக்கு எதற்கு நினைவிடம் என்றார்கள். லாரா செகார்டை ஞாபகம் வைக்கச் சொன்னேனே, இதற்காகத்தான். எதிரிப் படைக்குத் துப்புக் கொடுத்தவரிடம் யாரும் நாட்டுப்பற்றுக்கு ரசீது கேட்கவில்லை. 2005 வாக்கில் புதுத் தொடக்கப் பள்ளிக்கு டு பாய்ஸ் பெயரை வைக்கலாம் என்று சிலர் கேட்டார்கள், நடக்கவில்லை. பக்கத்தில் ஓடும் ஓடையின் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயருக்கு அர்த்தம் சேற்றோடை. ஆற்றைச் சுத்தம் செய்யச் சொன்ன மனிதருக்குப் பதிலாக ஒரு சேற்றோடை! இதை யாரும் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்கள். வேண்டுமென்று செய்தால் இவ்வளவு பொருத்தமாக அமையாது. பதினைந்து வருஷம் கழித்து நடுநிலைப் பள்ளிக்கு அவர் பெயர் வந்தது. சந்தோஷம்தான்.

எங்கள் பக்கத்தில் அவரை எப்படிக் கண்டுகொண்டோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1946-இல் அம்பேத்கர் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். உங்கள் மக்களின் நிலைமைக்கும் இந்தியாவின் தீண்டப்படாதவர்கள் நிலைமைக்கும் ஒற்றுமை அதிகம், ஐ.நா. சபைக்கு அமெரிக்கக் கறுப்பர்கள் அனுப்பிய மனுவின் பிரதி வேண்டும், நாங்களும் அப்படிச் செய்யலாமா என்று பார்க்கிறோம் என்பது விஷயம். ஜூலை மாதமே பதில் வந்தது. உங்கள் பெயர் எனக்குத் தெரியும், உங்கள் மக்கள்மேல் எனக்குப் பரிவு உண்டு, முடிந்த உதவியைச் செய்கிறேன் என்ற பொருளில். கார்டை வாங்க மறுத்த வகுப்பறையிலிருந்து கிளம்பிய ஒரு சிந்தனை, மஹாராஷ்டிரப் பள்ளிக்கூடத்தில் சாக்கின்மேல் தனியாக உட்கார்ந்து படித்த ஒருவரைத் தொட்டிருக்கிறது. எங்கள் ஊர்களில் அம்பேத்கர் சிலைகளைக் கம்பிக் கூண்டுக்குள் வைக்கிறார்கள் என்பதால், ஒரு ஊர் ஒரு பெயரைக் கண்டு ஏன் பயப்படுகிறது என்று உங்களைக் கேட்க எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது. அதனால்தான் கேட்கவில்லை.

கடைசியாகப் போனபோது மஹேவி கல்லறைத் தோட்டத்துக்கும் போனேன். அங்கே டு பாய்ஸ் இல்லை, அவர் அக்ராவில் இருக்கிறார். அங்கே இருப்பது மனைவி நீனா, மகள் யோலாண்ட், அப்புறம் 1899-இல் அட்லாண்டாவில் தொண்டை அடைப்பான் நோயில் இறந்த கைக்குழந்தை பர்கார்ட். ஜார்ஜியாவின் மண் விநோதமான சிவப்பு, அதில் பிள்ளையைப் புதைக்க மனம் வரவில்லை என்று எழுதியிருக்கிறார். ஆகவே அந்தச் சின்ன உடலைத் தூக்கிக்கொண்டு ரயிலேறி வடக்கே உங்கள் ஊருக்கு வந்தார். பிறந்த இடம் என்று போர்டு மாட்டும் யாரும் இதை முதலில் படிக்க வேண்டும். தனக்குத் தீராத துக்கம் வந்தபோது அவர் நம்பியது உங்கள் மண்ணை.

அவருக்கு இன்னொரு சிலை, இன்னொரு தெருப் பெயர் என்று நான் கேட்கவில்லை. அதெல்லாம் வைக்கிற அன்றைக்கு விழா, அடுத்த வாரம் புறா. பேச்சை வாசிப்பதில் உங்களுக்குச் செலவும் இல்லை. நீளமான பேச்சும் இல்லை. உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர் வாசித்தால் நல்லது. பட்ஜெட்டில் பள்ளிக்கு ஒதுக்கும் தொகைக்கு வாக்கெடுப்பதற்குச் சற்று முன்னால் வாசித்தால் இன்னும் நல்லது. கூடவே 1969-இல் என்ன நடந்தது என்பதை நான்கு வரியில் ஊர்க்கூட்டக் குறிப்பில் ஏற்றிவிடுங்கள், யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டாம்.

இதற்கு ஒரு தீர்மானம் போட வேண்டியிருக்கும் என்று தெரியும். யாராவது மலைப்பக்கத்திலிருந்து இறங்கி வந்து, எதற்கு இந்த வீண் வேலை என்று திட்டுவார். அவர் பேசி முடிக்கும்வரை கேளுங்கள். அப்புறம் கையைத் தூக்குங்கள்.

அன்புடன்,
வேறு ஊரில் வரி கட்டும் ஒரு தமிழன்